முதல் சம்பளப் பட்டியல் கையில் வந்த ஆசிரியர்களுக்கு

சேந்தமங்கலம் ஒன்றியப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், காலையில் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் பஸ் ஏறிப் போய்த் தனியார் பள்ளிகளில் பாடம் நடத்துகிறவர்களுக்கும், காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிக் கொல்லிமலைப் பள்ளிகளுக்குப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு 24 வயது. சிலர் டெட், டிஆர்பி என்று தேர்வு மேல் தேர்வு எழுதி 35 வயதில் உள்ளே வந்தவர்கள். ஓய்வு பெறும் நாள் இப்போது உங்களுக்கு வெகுதூரத்தில் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியன். எங்கள் தலைமுறைக்கு முதுமைக் கணக்கை அரசு போட்டுக் கொடுத்தது; நாங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஏழாம் வகுப்பில் தனிவட்டியும் எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டியும் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற நீங்கள், அதே கணக்கை உங்கள் சம்பளத்துக்கு ஒருமுறைகூடப் போட்டுப் பார்ப்பதில்லை. என் கவலையெல்லாம் அதுதான்.

1. எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்று ஒரே ஆசிரியர் அறையில் மூன்று விதமான முதுமை உட்கார்ந்திருக்கிறது. 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் அரசுப் பணியில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். முழுப் பணிக்காலம் முடித்திருந்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி, அகவிலைப்படி ஏற ஏற அதுவும் ஏறும். அந்தத் தேதியிலும் அதற்குப் பிறகும் சேர்ந்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், நாம் சொல்கிற சி.பி.எஸ். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு உங்களிடம் பிடிப்பார்கள்; அரசும் அதே அளவு போடும். பகுதிநேர ஆசிரியர்களுக்கு இரண்டுமே இல்லை. 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஓவியமும் உடற்கல்வியும் தையலும் சொல்லித் தருகிறவர்கள்.

நிர்வாகப் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியம் என்பதே ஒரு காலத்தில் கேள்விப்படாத ஒன்று. 1955-இல், காமராசர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோதுதான் வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த திட்டம் இங்கே வந்தது. நிர்வாகப் பள்ளியில் பாடம் நடத்திய ஏழை வாத்தியாருக்கும் வயதான காலத்தில் மணியார்டர் வரும் என்ற நிலை அப்போது பிறந்தது. 48 ஆண்டுகள் கழித்து அது புதியவர்களுக்கு மூடப்பட்டது. அதை மீட்க, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய போராட்டங்களை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2019 ஜனவரியில் பள்ளிகளே பூட்டிக் கிடந்தன. 2026 ஜனவரியில், கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதிசெய்யும் ‘தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்’ அறிவிக்கப்பட்டது. அதிலும் ஊழியரின் 10 விழுக்காடு பங்கு தொடர்கிறது.

இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருகிற எதையும் நம்பி முடிவு எடுக்காதீர்கள். அரசாணை வந்தால் அதை முழுசாகப் படியுங்கள். எந்தத் தேதியில் சேர்ந்தவருக்குப் பொருந்தும், குறைந்தபட்சப் பணிக்காலம் எவ்வளவு, இறந்தால் குடும்பத்துக்கு என்ன, இந்த மூன்றையும் சிவப்பு மையில் கோடிட்டு வையுங்கள். உங்கள் வேலைக்காலம் 25, 30 ஆண்டு. அதற்குள் அரசுகள் மாறும், திட்டங்கள் மாறும். சங்கத்தில் சேருங்கள், உரிமைக்கு நில்லுங்கள், நானும் நின்றவன்தான். ஆனால் போராட்டம் ஜெயிக்கும் என்ற நம்பிக்கையில் உங்கள் சொந்தச் சேமிப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.

2. பிடித்தம் வரவாகியிருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள்.

சம்பளப் பட்டியலில் பிடித்தம் காட்டினால் மட்டும் போதாது. அது உங்கள் சி.பி.எஸ். கணக்கில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குத் தாள் இணையத்தில் வரும். அதை இறக்கி, பன்னிரண்டு மாதமும் வரவாகியிருக்கிறதா என்று சம்பளப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஒன்றியம் விட்டு ஒன்றியம் மாறுதலில் போன மாதம், ஊக்க ஊதியம் சேர்ந்த மாதம், அகவிலைப்படி அரியர் வாங்கிய மாதம், மருத்துவ விடுப்பு முடிந்து திரும்பிய மாதம், இவற்றில்தான் வரவு விடுபடும். விடுபட்டது அந்த ஆண்டே தெரிந்தால் ஒரு விண்ணப்பத்தில் தீரும். இருபது ஆண்டு கழித்துத் தெரிந்தால், அந்தக் காலத்து வவுச்சர் எண்ணைத் தேடி நீங்கள் மூன்று அலுவலகப் படி ஏறவேண்டும். அப்போது உங்களுக்குச் சம்பளம் போட்ட எழுத்தர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்குங்கள். நியமன ஆணை, பணியில் சேர்ந்த அறிக்கை, மாறுதல் ஆணைகள், கணக்குத் தாள்கள், நாமினிப் படிவத்தின் நகல், எல்லாம் அதில் இருக்கட்டும். பணிப்பதிவேட்டை ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை மூன்றும் சரியாக இருக்கவேண்டும். அது உங்கள் உரிமை, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

3. தனியார் பள்ளி ஆசிரியர்களே, உங்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்துத் தனியார் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அந்தப் பேரை உண்டாக்கியது விடுதியிலும் வகுப்பிலும் ராத்திரி பகலாக உழைத்த ஆசிரியர்கள். அவர்களில் பலர் 58 வயதில் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்போது ஒன்றும் பெரிதாக இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற பள்ளி, வருங்கால வைப்பு நிதியில், அதாவது பி.எஃப்.-இல், சேர்ந்தாக வேண்டும். உங்கள் பங்கு 12 விழுக்காடு, நிர்வாகத்தின் பங்கு 12 விழுக்காடு. நிர்வாகத்தின் பங்கிலிருந்து 8.33 விழுக்காடு ஓய்வூதியத்துக்குப் போகும். அதற்குச் சம்பள வரம்பு 2014-லிருந்து 15,000 ரூபாய். உங்களுக்கு யு.ஏ.என். என்ற எண் உண்டு. எத்தனை பள்ளி மாறினாலும் அந்த எண் ஒன்றே. அதை வாங்கி, ஆதாரோடும் உங்கள் செல்போன் எண்ணோடும் இணைத்து, மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கட்டாமல் இருந்தால் சேலத்தில் உள்ள வைப்பு நிதி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

ஓய்வூதியக் கணக்கு இப்படி: ஓய்வூதியத்துக்கான சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய் வரம்பில் 10 ஆண்டு வேலை பார்த்தவருக்கு மாதம் சுமார் 2,143 ரூபாய். அது விலைவாசியோடு ஏறாது. 10 ஆண்டு முடிக்காதவருக்கு மாத ஓய்வூதியமே கிடையாது.

இந்தப் பத்தாண்டுக் கணக்கில்தான் பெண் ஆசிரியர்கள் அதிகம் இழக்கிறார்கள். கல்யாணம் ஆகி ஊர் மாறும்போது நாலு வருடப் பி.எஃப்.-ஐ எடுத்துச் சீர் பாத்திரம் வாங்குகிறார்கள். குழந்தை பிறந்து மறுபடி வேலைக்குப் போய், மாமியாருக்கு உடம்பு முடியாமல் நிற்கும்போது ஐந்து வருடப் பணத்தை எடுக்கிறார்கள். இப்படி மொத்தம் 15 ஆண்டு பாடம் நடத்தியவரும் ஏட்டில் பத்தாண்டைத் தொடாதவராக ஆகிவிடுகிறார். பள்ளி மாறினால் பணத்தை எடுக்காமல் புதிய பள்ளிக் கணக்குக்கு மாற்றுங்கள். வேலையை விட்டு நிற்பதானால் ஓய்வூதியப் பங்கைக் கையில் வாங்காமல் திட்டச் சான்றிதழ் கேளுங்கள். மறுபடி வேலைக்குப் போகும்போது பழைய ஆண்டுகள் புதிய ஆண்டுகளோடு சேரும்.

இன்னொன்று பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. ஒரே பள்ளியில் ஐந்து ஆண்டு முடித்த ஆசிரியருக்கு அது உண்டு. சட்டம் சொல்கிற ‘ஊழியர்’ என்ற வரையறைக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்ற வாதத்தால் ஒரு காலத்தில் மறுக்கப்பட்டது. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே தனியார் பள்ளி ஆசிரியருக்கும் உண்டு என்றது. பள்ளி நிர்வாகங்கள் வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆசிரியர்கள் பக்கம் நின்றது. கணக்கு எளிது: கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்குங்கள். 20,000 ரூபாய் சம்பளத்தில் 12 ஆண்டு வேலை பார்த்தவருக்கு ஏறக்குறைய 1,38,000 ரூபாய். கேட்காமலே விட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பதிவு மூன்றும் உங்கள் கையில் இருந்தால் யாராலும் மறுக்க முடியாது. சம்பளத்தைப் பாதி வங்கியிலும் பாதி கையிலுமாக வாங்கச் சம்மதிக்காதீர்கள். கையில் வாங்கிய பாதிக்கு முதுமையில் மதிப்பு இல்லை.

4. எந்தத் திட்டத்திலும் இல்லாதவர்கள் தாங்களே ஒன்றைத் தொடங்குங்கள்.

பகுதிநேர ஆசிரியர், பள்ளி ஆயா, வேன் ஓட்டுநர், டியூஷன் வைத்திருக்கிற பிள்ளை, எல்லோருக்கும் சொல்கிறேன். அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை சேரலாம். வருமான வரி கட்டுகிறவராக இருக்கக் கூடாது. 60 வயதுக்கு மேல் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால், 25 வயதில் சேர்பவர் மாதம் 376 ரூபாய் கட்டவேண்டும். 35 வயதில் சேர்ந்தால் 902. 40-இல் சேர்ந்தால் 1,454. சேந்தமங்கலத்தில் எந்த வங்கியிலும் சேர்ந்துகொள்ளலாம். 5,000 ரூபாய் போதாது என்பது எனக்கும் தெரியும். அதற்கு மேல் அஞ்சலகத்திலோ வங்கியிலோ பி.பி.எஃப்., அதாவது பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஒன்று தொடங்கி, முடிந்ததைப் போடுங்கள்.

5. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள்.

24 வயதில் தொடங்கி 60 வரை மாதம் 2,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24,000, போடுகிறீர்கள். வட்டி 7.1 விழுக்காடு, 2020 ஏப்ரலிலிருந்து பி.பி.எஃப்.-க்கு இருக்கிற வட்டி அது. 36 ஆண்டு முடிவில் சுமார் 36.5 லட்சம் வரும். அதே தொகையை 34 வயதில் தொடங்கினால் 16.7 லட்சம்தான். முதல் பத்து ஆண்டில் நீங்கள் போடுவது வெறும் 2.4 லட்சம், அது கடைசியில் ஏறக்குறைய 20 லட்சமாக நிற்கிறது. பிள்ளைகளுக்குக் கூட்டுவட்டி நடத்தும்போது இந்த உதாரணத்தையே கரும்பலகையில் போடுங்கள், அவர்களும் மறக்க மாட்டார்கள்.

இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மறுபாதியையும் போடுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் 12 ஆண்டுக்கு ஒருமுறை செலவு இரட்டிக்கும். 36 ஆண்டில் மூன்று முறை இரட்டிக்கும். இன்று மாதம் 20,000 ரூபாயில் நடக்கிற குடும்பத்துக்கு அன்று 1,60,000 ரூபாய் வேண்டும். அந்த 36.5 லட்சத்தை அதால் வகுத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுச் செலவுக்குக்கூடக் காணாது.

இந்த விடையைப் பார்த்துச் சோர்ந்து போகவேண்டாம். இதே கணக்கில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: மாதம் போடுகிற தொகையை ஆண்டுதோறும் 6 விழுக்காடு கூட்டிக்கொண்டே போங்கள். முதல் ஆண்டு 2,000, இரண்டாம் ஆண்டு 2,120, அடுத்து 2,247. கடைசியில் நிற்பது 36.5 லட்சம் அல்ல, சுமார் 80 லட்சம். இதோடு பிடித்தத்தில் சேர்வதும் வரும். தொகையை ஏற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே தொகையை முப்பது ஆண்டு மாறாமல் கட்டிவிட்டு, “ஒழுங்காகத்தானே சேமித்தேன், ஏன் பற்றவில்லை?” என்று கேட்கிறவர்களுக்கு விடை இதுதான்.

6. இன்கிரிமென்ட் வந்த மாதமே சேமிப்பை ஏற்றுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆண்டுக்கு ஒரு ஊதிய உயர்வு, இரண்டு முறை அகவிலைப்படி உயர்வு. உயர்ந்த சம்பளத்தை ஒரு மாதம் வீட்டுச் செலவில் விட்டால் அது அங்கேயே பழகிவிடும், திரும்ப எடுக்க முடியாது. அரியர் வந்தால் பாதியைச் சேமிப்பில் போடுங்கள். மீதியில் வீட்டுக்கு என்ன வேண்டுமோ வாங்குங்கள், சந்தோஷமாக இருங்கள்.

7. ஆறு மாதச் செலவுப் பணம் தனியாக வங்கியில் இருக்கட்டும்.

தனியார் பள்ளி ஆசிரியருக்கு மே மாதச் சம்பளம் வருமா வராதா என்பதே சில இடங்களில் நிச்சயமில்லை. 2020-இல் பள்ளி பூட்டிக் கிடந்தபோது எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவர்கள் காய்கறி விற்றார்கள், நூறு நாள் வேலைக்குப் போனார்கள். கையில் ஆறு மாதப் பணம் இருந்தவர்கள் நகையை அடகுக்குக் கொண்டுபோகவில்லை.

8. காப்பீடு வேறு, முதலீடு வேறு.

நீங்கள் வேலையில் சேர்ந்த மாதமே ஆசிரியர் அறைக்கு ஒருவர் பாலிசிப் படிவத்தோடு வருவார். பெரும்பாலும் சக ஆசிரியரின் மனைவியோ மைத்துனரோதான். முகத்துக்காக மறுக்க முடியாமல் கையெழுத்துப் போடுவீர்கள், இருபது ஆண்டுக்குப் பணம் பூட்டப்படும். கட்டிய பணம் திரும்ப வருகிற பாலிசிகளில் கிடைப்பது பெரும்பாலும் ஆண்டுக்கு 5, 6 விழுக்காட்டைத் தாண்டாது. காப்பீட்டுத் தொகையும் குடும்பத்துக்குப் பற்றாது. உங்களை நம்பி வீட்டில் யாராவது இருந்தால், இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருகிற டெர்ம் பாலிசி ஒன்று எடுங்கள். ஆண்டுச் சம்பளத்தைப் போல் பத்து மடங்குக்குக் குறையாமல் எடுங்கள். திரும்ப வராத பணம்தானே என்று அதை வெறுக்காதீர்கள். சேமிப்போடு சேர்ந்த பாலிசிதான் வேண்டுமென்றால் 1884-லிருந்து நடக்கிற அஞ்சல் ஆயுள் காப்பீட்டை விசாரியுங்கள். ஆசிரியர்கள் அதில் சேரலாம், போனஸ் கணக்கும் கண்ணுக்குத் தெரியும்.

படிவம் நீட்டுகிறவரிடம் சொல்ல ஒரு வாக்கியம் தருகிறேன்: “வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் சொல்கிறேன், சார்.” இதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

9. மாத வட்டி அதிகம் என்று சொல்கிற இடத்தில் நிற்காதீர்கள்.

நம் பக்கத்து ஈரோடு மாவட்டம் பெருந்துறையிலிருந்துதான் ஈமு கோழிப் பண்ணை கிளம்பியது. பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் தருவோம், வளர்க்க மாதாமாதம் பணமும் தருவோம், முட்டையும் கறியும் எண்ணெயும் நாங்களே வாங்கிக்கொள்வோம் என்றார்கள். கோழி வளர்ப்பு நாமக்கல் மண்ணுக்குப் பழகிய தொழில். அதனாலேயே நம்மவர்கள் எளிதில் நம்பினார்கள். 2012 ஆகஸ்டில் சுசி ஈமு பண்ணை மூடப்பட்டது, பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் விழுந்தன. பட்டியில் பறவைகள் பசியோடு நின்றன. கட்டியவர்கள் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கோயம்புத்தூர் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். பத்து ஆண்டு கழித்து 2022-இல் ஆருத்ரா நிறுவனத்தின் மோசடி வெளியே வந்தது. ஒரு லட்சத்துக்கு மாதம் 25,000, 30,000 என்றார்கள். அதிலும் கூட்டம் கூடியது.

இங்கேயும் கணக்கைப் போடுங்கள். மாதம் 3 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 36. வங்கி 6, 7 தருகிற நாட்டில், நேர்மையான எந்தத் தொழிலில் ஊரார் பணத்துக்கு வருடா வருடம் 36 கொடுத்துத் தாக்குப்பிடிக்க முடியும்? முதல் ஆறு மாதம் ஒழுங்காக வட்டி வந்தது என்பது எதற்கும் சான்று இல்லை. அது அடுத்தவர் கட்டிய பணம். இதில் ஆசிரியருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. “வாத்தியாரே போட்டிருக்கார்” என்று சொல்லித்தான் ஊரில் பிடிக்கிறார்கள். நீங்கள் கட்டினால் உங்கள் பின்னால் நெசவாளியும், குச்சிக்கிழங்கு விற்ற பணத்தோடு விவசாயியும் வருவார்கள்.

ஏலச் சீட்டு முழுக்கக் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்டு சட்டத்தின் கீழ்ப் பதிவான சீட்டில், பதிவு எண்ணையும் ஒப்பந்தத்தையும் பார்த்துச் சேரலாம். தெருவில் யாரோ நோட்டில் எழுதி நடத்துகிற சீட்டிலும் தீபாவளிப் பண்டிலும் ஓய்வுக்காலப் பணத்தைப் போடாதீர்கள்.

10. பங்குச் சந்தையைக் கண்டு பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1905-இல் ஆண்ட்ரூ கார்னகி என்ற எஃகு முதலாளி, அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இலவச ஓய்வூதியம் தர ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். எண்ணிக்கை பெருகப் பெருக அந்த நிதி தாங்காது என்று தெரிந்தது. 1918-இல் ஆசிரியரும் கல்லூரியும் சேர்ந்து பணம் கட்டுகிற தனி அமைப்பைத் தொடங்கினார்கள், அதன் பெயர் டி.ஐ.ஏ.ஏ. நிலையான வட்டி மட்டும் விலைவாசிக்கு ஈடு கொடுக்கவில்லை என்று கண்டு, 1952-இல் அதோடு பங்குகளில் முதலீடு செய்யும் நிதி ஒன்றையும் சேர்த்தார்கள். ஒரு பகுதி உறுதியான வட்டியில், ஒரு பகுதி பங்குகளில். எழுபது ஆண்டுக்கு முன் ஆசிரியர்களுக்காகக் கண்டுபிடித்த அந்த வழி இன்றைக்கும் சரியான வழிதான்.

உங்களுக்குப் பிடித்தத்தில் போவது முழுக்க உறுதியான வட்டிப் பக்கம். ஆகவே அதற்கு மேல் சேமிப்பதில் ஒரு பகுதியை, நாட்டின் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் சேர்ந்து முதலீடு செய்கிற இண்டெக்ஸ் ஃபண்டில், மாதாமாதம் எஸ்.ஐ.பி. முறையில் போடலாம். 2013-லிருந்து எல்லா மியூச்சுவல் ஃபண்டிலும் ‘டைரக்ட்’ வகை உண்டு. இடைத்தரகருக்குக் கமிஷன் போகாது. ஆண்டுக்கு ஒரு விழுக்காடுதானே கமிஷன் என்று விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடு வீதம் 30 ஆண்டு போனால், தொடக்கத்தில் போட்ட பணம் வளர்ந்து நிற்கிற தொகையில் கால் பங்குக்கு மேல் அதிலேயே கரைந்துவிடும். 0.99-ஐ முப்பது முறை பெருக்கிப் பாருங்கள், 0.74 வரும்.

சந்தை விழும். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 9,000-க்குக் கீழே போனது. 2020 மார்ச்சில் மறுபடி அப்படி ஓர் அடி விழுந்தது. அப்போது விற்றவர்கள் நஷ்டத்தை உறுதி செய்துகொண்டார்கள். பொறுத்தவர்களுக்குத் திரும்ப வந்தது. குச்சி நட்டவர் பத்து மாதத்துக்கு முன்னால் பிடுங்கிப் பார்ப்பதில்லை. ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படுகிற பணத்தை, பெண்ணின் கல்யாணப் பணத்தை, வீடு கட்டும் பணத்தை அங்கே வைக்காதீர்கள். ஓய்வுக்கு ஐந்தாறு ஆண்டு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து வட்டிப் பக்கம் கொண்டு வாருங்கள்.

செல்போனில் ஆப்ஷன் விளையாடுகிற இளம் ஆசிரியர்களை இப்போது பார்க்கிறேன். வகுப்பு இடைவேளையில் கைகளில் நடுக்கம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளில் அந்தச் சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டப்பட்டிருந்தார்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகளும் ஊக வணிகத்தை அனுமதிப்பதில்லை. அது சூதாட்டம், அதற்குப் பக்கத்தில் போகாதீர்கள்.

11. பிள்ளைகளின் படிப்புக்குக் கடன் கிடைக்கும்.

மகனுக்கு மருத்துவ சீட்டு, மகளுக்கு நாற்பது பவுன் என்று ஓய்வுக்காலப் பணத்தை 50 வயதில் துடைத்து எடுக்கிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம். படிப்புக்கு வங்கி கடன் தரும், சம்பாதித்துப் பிள்ளையே கட்டட்டும். உங்கள் 70 வயதுச் சாப்பாட்டுக்கு எந்த வங்கியும் கடன் தராது.

12. டீச்சரம்மாவின் சம்பளம் டீச்சரம்மாவின் கையில் இருக்கட்டும்.

இதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். பல வீடுகளில் ஆசிரியையின் ஏ.டி.எம். கார்டு கணவரின் சட்டைப் பையில் இருக்கிறது. ரகசிய எண்ணும் அவருக்குத்தான் தெரியும். பி.எஃப். பாஸ்புக்கை அந்த அம்மா பார்த்ததே இல்லை. நிலம் வாங்கினால் அவர் பேரில், கடன் வாங்கினால் இவர் சம்பளத்தில் பிடித்தம். அன்பான குடும்பத்திலும் இது நடக்கிறது. அன்பு இருக்கும் வீட்டில் கணக்கைச் சொல்லிக்கொள்வதில் என்ன தடை? பெண் பிள்ளைகளுக்கு ஓட்டெடுப்பையும் பாராளுமன்றத்தையும் கற்றுத் தருகிறவர், தன் பணம் எங்கே போகிறது என்று கேட்கக் கூசுவது எனக்குத் தாங்கவில்லை. அம்மிணி, உங்கள் பேரில் ஒரு பி.பி.எஃப். கணக்கு, உங்கள் செல்போனுக்கு வருகிற வங்கிக் குறுஞ்செய்தி, உங்கள் கையெழுத்தில் நாமினிப் படிவம், இந்த மூன்றிலிருந்து தொடங்குங்கள். பெண்கள் ஆண்களைவிட அதிக ஆண்டுகள் வாழ்கிறார்கள், அந்தக் கடைசி ஆண்டுகளுக்கும் பணம் வேண்டும்.

ஆண்களுக்கும் ஒன்று. நாமினிப் படிவம் கல்யாணத்துக்கு முன் எழுதியதாக இருந்தால் அதில் அப்பா பேர் இருக்கும். கல்யாணமான மாதமே மாற்றி எழுதுங்கள். கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியட்டும்.

13. உங்கள் பள்ளியில் ஓய்வு பெறுகிற மூத்தவரோடு உட்காருங்கள்.

அவருக்கு வழியனுப்பு விழாவும் சால்வையும் நடக்கும். அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே அவருடைய படிவங்களை நிரப்ப உதவுங்கள். கணினியில் ஏற்றுவது உங்களுக்குக் கைவந்த வேலை, அவருக்குச் சிரமம். அவர் பணிப்பதிவேட்டைப் புரட்டும்போது எந்த ஆண்டில் எந்தக் கையெழுத்து விடுபட்டது, அதனால் எத்தனை மாதம் தாமதம் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடமாகும்.

பணம் மொத்தமாக வந்தவுடன் அவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். பிளாட் போட்டவர் வருவார், மருமகன் தொழில் தொடங்கக் கேட்பார், வங்கியிலேயே ஒருவர் புதுப் பாலிசி சொல்வார். அதற்கு முன்னால் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதிகபட்சம் 30 லட்சம் வரை போடலாம், வட்டி 8.2 விழுக்காடு. முழுத் தொகையும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். சேந்தமங்கலம் தபால் நிலையத்துக்கு அவரோடு நீங்களே போங்கள். ஆதார், பான் அட்டை நகல், இரண்டு போட்டோ, காசோலை போதும். படிவத்தில் நாமினிக் கட்டம் காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.